மெடிகெய்டு குறைப்பை எதிர்த்துக் குரல் கொடுப்பது எப்படி: அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கும் இயலாமை உள்ளவர்களுக்கும் அரசு தரும் மருத்துவக் காப்பீடுதான் மெடிகெய்டு. அந்தப் பெயர் உங்கள் வீட்டிலுள்ள காப்பீட்டு அட்டையில் இல்லாமல் இருக்கலாம். ஒவ்வொரு மாநிலமும் அதற்குத் தனக்குப் பிடித்த பெயரைச் சூட்டியிருக்கிறது. கலிபோர்னியாவில் அது மெடி-கால், நியூ ஜெர்சியில் என்ஜே ஃபேமிலிகேர், மாசசூசெட்ஸில் மாஸ்ஹெல்த், வாஷிங்டன் மாநிலத்தில் ஆப்பிள் ஹெல்த், டென்னசியில் டென்கேர், விஸ்கான்சினில் பேட்ஜர்கேர் பிளஸ், கனெக்டிகட்டில் ஹஸ்கி. இந்தப் பெயர்க் குழப்பத்தால், "மெடிகெய்டு நிதி குறைகிறது" என்ற செய்தியைக் கேட்டும் அது வேறு யாருடைய கவலையோ என்று கடந்துபோனவர்கள் நம்மில் பலர் உண்டு. ஆகவே முதல் வேலை, வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரின் அட்டையையும் எடுத்து, அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது.

நல்ல சம்பளமும் நிறுவனக் காப்பீடும் உள்ள வீடுகளிலும் இந்தத் திட்டம் இருக்கிறது. ஆட்டிசமோ வேறு கடுமையான இயலாமையோ உள்ள குழந்தைகளுக்குப் பல மாநிலங்கள் பெற்றோரின் வருமானத்தைக் கணக்கில் எடுக்காமலேயே மெடிகெய்டு வழங்குகின்றன. அதற்கான வழி ஒரு குடும்பத்தின் விடாப்பிடியால் திறந்தது. மூளை அழற்சியால் பாதிக்கப்பட்டு மருத்துவமனையிலேயே வளர்ந்துவந்த அயோவா மாநிலச் சிறுமி கேட்டி பெக்கெட்டுக்கு, மருத்துவமனையில் கிடக்கும்வரை மெடிகெய்டு உண்டு, வீட்டுக்குப் போனால் கிடையாது என்று விதி இருந்தது. 1981 நவம்பரில் அதிபர் ரொனால்டு ரீகன் அந்தக் குழந்தையின் நிலையைப் பகிரங்கமாக எடுத்துப் பேசினார். அடுத்த ஆண்டே, இத்தகைய குழந்தைகளை வீட்டில் வைத்துப் பராமரிக்க மாநிலங்களுக்குச் சட்டம் இடம் கொடுத்தது. இன்றும் சில மாநிலங்களில் அத்திட்டம் கேட்டி பெக்கெட் பெயரிலேயே வழங்குகிறது. நம் குழந்தைகளுக்கு வீட்டுக்கு வந்து உதவும் பராமரிப்பாளரின் சம்பளம் பல வீடுகளில் இந்த வாசல் வழியாகத்தான் வருகிறது. கிரீன் கார்டு பெற்று ஐந்தாண்டு கடந்த வயதான பெற்றோர், குறைந்த வருமானத்தில் உணவகத்திலும் கடையிலும் வேலை செய்கிறவர்கள், இலங்கையிலிருந்து வந்து புகலிடம் பெற்றவர்கள் ஆகியோரையும் சேர்த்துப் பார்த்தால், இது நம் வீட்டுக் காரியம் என்பது விளங்கும்.

குறைப்பு இப்போது எங்கே நிற்கிறது

எதிர்ப்பு வீணாவதற்கு முதல் காரணம், முடிவு எடுக்கப்படும் இடம் ஒன்றாகவும் நாம் பேசும் இடம் வேறாகவும் இருப்பதே. மெடிகெய்டு 1965 ஜூலை 30 அன்று லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தில் பிறந்த நாளிலிருந்தே கூட்டாட்சி அரசும் மாநிலமும் சேர்ந்து நடத்தும் திட்டமாக இருந்துவருகிறது. கூட்டாட்சி அரசு குறைந்தது செலவில் பாதியைத் தருகிறது. ஏழை மாநிலங்களுக்கு அதைவிடக் கூடுதலாகத் தருகிறது. ஒபாமாகேர் எனப்படும் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் புதிதாகச் சேர்க்கப்பட்ட, வறுமைக் கோட்டின் 138 விழுக்காடு வரை வருமானமுள்ள பெரியவர்களுக்கு (2025 கணக்கில் தனிநபருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 21,600 டாலர்) ஆகும் செலவில் 90 விழுக்காட்டை அதுவே ஏற்கிறது. இந்தச் சேர்க்கையைத்தான் மெடிகெய்டு விரிவாக்கம் என்றும், அதை ஏற்ற மாநிலங்களை விரிவாக்க மாநிலங்கள் என்றும் சொல்கிறார்கள். ஆகையால் ஒரு குறைப்பு வாஷிங்டனில் தொடங்கி, மாநிலத் தலைநகரில் உருவம் பெற்று, கடைசியில் உங்கள் அஞ்சல் பெட்டியில் ஒரு கடிதமாக வந்து சேருகிறது. இந்த மூன்று இடங்களிலும் பேசும் முறை வெவ்வேறு.

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டத்தை எடுத்துக்கொள்வோம். செனட்டில் 50க்கு 50 என்று நின்று, துணை அதிபர் வான்ஸின் வாக்கால் நிறைவேறி, பிரதிநிதிகள் அவையில் 218க்கு 214 என்ற கணக்கில் முடிவான சட்டம் அது. மெடிகெய்டு விரிவாக்கத்தில் சேர்ந்த 19 முதல் 64 வயது வரையிலானவர்கள் மாதம் 80 மணி நேரம் வேலையோ, படிப்போ, சமூகப் பணியோ செய்ததை நிரூபிக்க வேண்டும் என்ற நிபந்தனை 2027 தொடங்கும்போது எல்லா விரிவாக்க மாநிலங்களிலும் நடைமுறைக்கு வர வேண்டும். அவர்களின் தகுதி ஆண்டுக்கொருமுறைக்குப் பதில் ஆறு மாதத்துக்கொருமுறை சரிபார்க்கப்படும். மாநிலங்கள் தங்கள் பங்கைத் திரட்ட மருத்துவமனைகள் போன்றவற்றின் மீது விதிக்கும் வரியின் உச்சவரம்பு, விரிவாக்க மாநிலங்களில் 6 விழுக்காட்டிலிருந்து படிப்படியாக 3.5 ஆகக் குறையும். புகலிடம் பெற்றவர்களிலும் அகதிகளிலும் பெரும்பாலோர், கிரீன் கார்டு பெறும்வரை, 2026 அக்டோபர் 1 முதல் தகுதி இழப்பார்கள். இந்தச் சட்டத்தின் விளைவாக 2034க்குள் கூடுதலாக ஒரு கோடிப் பேர் காப்பீடு இல்லாமல் போவார்கள் என்று காங்கிரஸ் பட்ஜெட் அலுவலகம் மதிப்பிட்டது.

சட்டம் கையெழுத்தாகிவிட்டது, இனி என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வெட்டின் பெரும்பகுதி இனிமேல்தான் மாநிலங்களில் முடிவாகப்போகிறது. மாநிலங்கள் பெரும்பாலும் வரவுக்கு மேல் செலவு செய்ய முடியாதபடி தங்கள் சட்டங்களாலேயே கட்டுப்பட்டவை. வாஷிங்டனிலிருந்து பணம் குறைந்தால் எதையாவது குறைத்தாக வேண்டும். மூத்தோர் இல்லத்தில் தங்கிப் பெறும் பராமரிப்பு மெடிகெய்டில் கட்டாயச் சேவை. ஆனால் வீட்டிலேயே கிடைக்கும் பராமரிப்பின் பெரும்பகுதியும், பெரியவர்களுக்கான பல் மருத்துவமும் மாநிலத்தின் விருப்பத்துக்கு விடப்பட்டவை. கை முதலில் அவற்றின் மீதுதான் விழும். எதைத் தொடக்கூடாது என்று சொல்ல வேண்டியவர்கள் அந்தச் சேவையைப் பெறுகிறவர்கள்தாம்.

என்ன கேட்கப்போகிறீர்கள்

"மெடிகெய்டை வெட்டாதீர்கள்" என்பது உணர்வு. அதை ஓர் உறுப்பினரின் உதவியாளர் குறித்துக்கொண்டு, தன் மேலதிகாரியிடம் கொடுத்து, வாக்காகவோ திருத்தமாகவோ மாற்ற முடிகிற கோரிக்கையாக ஆக்குவதற்கு, எந்த மசோதா அல்லது எந்தப் பட்ஜெட் இனம், அதில் என்ன மாற்றம், எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் வேண்டும்.

வேலை நிபந்தனையையே எடுத்துக்கொண்டால், அதை நீக்கும் அதிகாரம் உங்கள் மாநிலத்துக்கு இல்லை. ஆனால் அதை எவ்வளவு கடுமையாக நடத்துவது என்பதில் மாநிலத்துக்கு நிறைய இடம் இருக்கிறது. விண்ணப்பிப்பவர் அதற்கு முன்னால் எத்தனை மாதம் நிபந்தனையை நிறைவேற்றியிருக்க வேண்டும் என்பதை ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் மாநிலம் தீர்மானிக்கலாம். ஒன்று என்று வைக்கச் சொல்லுங்கள். மருத்துவமனையில் தங்க நேர்ந்தவர்கள், வேலையின்மை மிகுந்த மாவட்டங்களில் வாழ்பவர்கள் முதலியோருக்குத் தற்காலிக விலக்கு கொடுப்பது மாநிலத்தின் விருப்பம். அதை முழுமையாக ஏற்கச் சொல்லுங்கள். மாதம் 580 டாலர் வருமானம் இருந்தாலே, அதாவது கூட்டாட்சிக் குறைந்தபட்ச ஊதியமான 7.25 டாலரில் 80 மணி நேரக் கூலி இருந்தாலே, நிபந்தனை நிறைவேறியதாகும் என்பதால், மாநிலத்திடம் ஏற்கெனவே உள்ள ஊதியப் பதிவுகளைக் கொண்டு தானாகச் சரிபார்த்துவிட்டு, அதில் கிடைக்காதவர்களிடம் மட்டும் ஆவணம் கேட்கச் சொல்லுங்கள். உண்மையான முயற்சி எடுத்தும் ஆயத்தமாக முடியாத மாநிலம் 2028 இறுதிவரை அவகாசம் கேட்கலாம் என்றும் சட்டத்தில் இருக்கிறது. உங்கள் ஆளுநர் அதைக் கேட்கப்போகிறாரா என்று எழுத்தில் கேளுங்கள்.

இவற்றை நான் இவ்வளவு விரித்துச் சொல்வதற்கு ஆர்கன்சாவில் நடந்தது காரணம். 2018இல் அங்கே வேலை நிபந்தனை வந்தபோது, செய்த வேலையை முதலில் இணையதளம் வழியாக மட்டுமே பதிவு செய்ய வேண்டும் என்று வைத்தார்கள். அந்தத் தளமோ இரவு 9 மணிக்கு மூடி காலை 7 மணிக்குத்தான் திறந்தது. நீதிமன்றம் 2019 மார்ச்சில் தடுத்து நிறுத்துவதற்குள் 18,000க்கும் மேற்பட்டோர் காப்பீட்டை இழந்திருந்தார்கள். வேலை செய்துகொண்டிருந்தவர்களும், விலக்குக்கு உரியவர்களும் அவர்களில் இருந்தார்கள். தளம் எப்போது திறந்திருக்கும், தொலைபேசியில் பதிவு செய்யலாமா, கடிதம் எந்த மொழியில் வரும் என்ற கேள்விகள் சிறியவையாகத் தோன்றும். மனிதர்கள் காப்பீட்டை இழப்பது அங்கேதான்.

பட்ஜெட் கேட்பில் இரண்டு நிமிடம்

மாநிலங்களில் நாற்பத்தாறில் நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்குகிறது; நியூயார்க்கில் ஏப்ரல் 1, டெக்சாஸில் செப்டம்பர் 1, மிச்சிகனிலும் அலபாமாவிலும் அக்டோபர் 1. பெரும்பாலான ஆளுநர்கள் ஆண்டின் முதல் சில வாரங்களில் பட்ஜெட் முன்மொழிவை வைப்பார்கள். அதன்பின் சட்டமன்றத்தின் நிதிக் குழுக்கள் பொதுமக்களின் சாட்சியத்தைக் கேட்கும். தேதி சில நாள்களுக்கு முன்புதான் தெரியவரும் என்பதால், குழுவின் மின்னஞ்சல் அறிவிப்புப் பட்டியலில் இப்போதே சேர்ந்துவிடுங்கள். நேரில் போக இயலாதவர்கள் காணொளி வழியாகவோ எழுத்திலோ சாட்சியம் தரப் பல மாநிலங்களில் வசதி உண்டு.

பேசக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று நிமிடம். ஆங்கிலத்தில் ஏறத்தாழ 250 சொற்களை எழுதி, சத்தமாக வாசித்து, கடிகாரம் வைத்து அளந்துகொள்ளுங்கள். நம்மவர்களிடம் நான் கண்ட பழக்கம், முதல் ஒரு நிமிடத்தை வணக்கத்திலும் நன்றியிலும் தாங்கள் எந்த ஆண்டு இந்த நாட்டுக்கு வந்தோம் என்பதிலும் செலவிடுவது. மணி அடிக்கும்போது கோரிக்கை இன்னும் வாயிலேயே இருக்கும். கோரிக்கையை முதல் வாக்கியத்தில் வைத்து, கடைசி வாக்கியத்தில் மறுபடி சொல்லுங்கள்.

உள்ளடக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். "நான் இந்த ஊரில், இந்த அஞ்சல் குறியீட்டில் வசிக்கிறேன். வீட்டுப் பராமரிப்பு நேரத்தைக் குறைக்கும் பட்ஜெட் இனத்தை நீக்கும்படி கேட்டுக்கொள்ள வந்திருக்கிறேன். என் மகனுக்குப் பதினாறு வயது. அவனால் பேச இயலாது. தனியாக விட்டால் சாலையை நோக்கி ஓடிவிடுவான். வாரத்துக்கு 25 மணி நேரம் ஒரு பராமரிப்பாளர் வருகிறார். அந்த 25 மணி நேரத்தில்தான் நான் வேலைக்குப் போகிறேன். அதை 15 ஆக்கினால் நான் வேலையை விட வேண்டும். விட்டால் எங்கள் குடும்பத்தின் மற்றக் காப்பீடும் போய்விடும்." இதில் அழ வைக்கும் சொல் எதுவும் இல்லை. 25 என்ற எண்ணும், 15 ஆனால் என்ன நடக்கும் என்பதும் இருக்கின்றன. குழுவில் இருப்பவர் அதை மறுக்க வேண்டுமானால் அந்த எண்ணுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

எங்கள் பகுதியில் ஒரு தாய் இப்படிப் பேசப் போனபோது, தன் மகனின் ஒரு வார நாட்குறிப்பை ஒரே தாளில் அச்சடித்துக் குழு உறுப்பினர் எல்லோருக்கும் ஒவ்வொரு பிரதி கொடுத்தார். எந்த மணிக்கு யார் குளிப்பாட்டுகிறார், எந்த மணிக்கு மருந்து, இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறான் என்பதுதான் அதில் இருந்தது. அவர் பேசி முடித்த பிறகும் அந்தத் தாள் மேசை மேல் கிடந்தது, உறுப்பினர்கள் அதைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சில் தடுமாறுவோம் என்று அஞ்சுகிறவர்களுக்கு இதைவிட நல்ல துணை எனக்குத் தெரியவில்லை.

பணக் கணக்கையும் ஒரு வாக்கியத்தில் சேர்க்கலாம். பாதிப் பங்கு பெறும் மாநிலம் தன் பணத்தில் ஒரு டாலரை மிச்சப்படுத்த இரண்டு டாலர் சேவையை நிறுத்த வேண்டும், ஏனென்றால் கூட்டாட்சி அரசு தரும் ஒரு டாலரும் அதோடு போய்விடும். விரிவாக்கப் பிரிவில் நிலைமை இன்னும் மோசம்: மாநிலத்துக்கு ஒரு டாலர் மிச்சமாக, பத்து டாலர் சேவை நிற்க வேண்டும். அந்தப் பணம் உங்கள் ஊர் மருத்துவமனைக்கும், பராமரிப்பாளரின் சம்பளத்துக்கும் போய்க்கொண்டிருந்த பணம். தொகுதியில் கிராமப்புற மருத்துவமனை இருந்தால் அதன் நிர்வாகியையும் உடன் பேசச் சொல்லுங்கள். வருவாய் பற்றிய பேச்சை அவரிடம் விட்டுவிட்டு நீங்கள் வீட்டைப் பற்றிப் பேசலாம்.

இருபத்தொரு வயதுக்குட்பட்டவர்களுக்கு இன்னொரு பிடிமானம் உண்டு. மருத்துவ ரீதியாகத் தேவை என்று தெளிவான, மெடிகெய்டு சட்டத்தின் வரையறைக்குள் வருகிற சிகிச்சையை மாநிலம் அவர்களுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். பட்ஜெட் முன்மொழிவு குழந்தைகளின் சிகிச்சையைத் தொடுமானால் இந்தக் கடமையைப் பெயர் சொல்லி நினைவூட்டுங்கள். சேவையை நேரடியாக நிறுத்தாமல், சேவை தருபவர்களுக்கான கட்டணத்தைக் குறைப்பதும் ஒரு வெட்டே, ஏனென்றால் கட்டணம் குறைந்தால் சிகிச்சையாளர்கள் விலகுவார்கள். வட கரோலினாவில் 2025 அக்டோபரில் அப்படிக் கட்டணங்கள் குறைக்கப்பட்டபோது ஆட்டிசக் குழந்தைகளின் குடும்பங்கள் நீதிமன்றம் வரை போயின; டிசம்பரில் மாநில அரசு பழைய கட்டணங்களையே திரும்பக் கொண்டுவந்தது.

எழுத்தில் கருத்துத் தெரிவித்தல்

நம்மவர்களுக்கு மிகப் பொருத்தமான வழி இது என்று நான் கருதுகிறேன். மேடை கிடையாது, நேர வரம்பு கிடையாது, ஆங்கிலத்தில் எழுதிப் பழகியவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். ஒரு மாநிலம் மெடிகெய்டு விதிகளிலிருந்து விலகி நடக்க விரும்பினால், சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 1115ஆம் பிரிவின் கீழ் விலக்கு கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அனுப்புவதற்கு முன் மாநிலம் குறைந்தது 30 நாள் மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும், இரண்டு பொதுக் கேட்புகளாவது நடத்த வேண்டும். வாஷிங்டனுக்குப் போன பின் இன்னொரு 30 நாள் கருத்துக் கேட்பு உண்டு. கூட்டாட்சித் துறைகள் புதிய விதிகளை வெளியிடும்போது ரெகுலேஷன்ஸ் டாட் கவ் தளத்தில் எவர் வேண்டுமானாலும் கருத்தைப் பதியலாம். வேலை நிபந்தனைக்கான விரிவான விதியை 2026 ஜூன் 1ஆம் தேதிக்குள் சுகாதாரத் துறை வெளியிட வேண்டும் என்று சட்டமே சொல்லியிருக்கிறது. அத்தகைய விதி உடனே அமலுக்கு வந்தாலும் அதன் மீது கருத்துத் தெரிவிக்க இடம் தரப்படுவது வழக்கம்.

இப்படி எழுதுவதால் என்ன பயன் என்று சலித்துக்கொள்பவர்கள் கென்டக்கி வழக்கை அறிய வேண்டும். வேலை நிபந்தனை உள்ளிட்ட கென்டக்கியின் திட்டத்துக்கு 2018 ஜனவரியில் ஒப்புதல் கிடைத்தது. மாநிலத்தின் சொந்தக் கணக்கின்படியே 95,000 பேர் காப்பீட்டை இழப்பார்கள் என்பதைக் கருத்துக் கேட்பின்போது பலர் எழுதிச் சுட்டிக்காட்டியிருந்தார்கள். அந்த இழப்பைச் சுகாதாரத் துறைச் செயலர் போதிய அளவு கருதிப் பார்க்கவில்லை என்று கூறி, நீதிபதி ஜேம்ஸ் போஸ்பெர்க் 2018 ஜூன் 29 அன்று ஒப்புதலை ரத்து செய்தார். வழக்கறிஞர்கள் பிறகு எடுத்துக்காட்ட வேண்டிய சான்று, பொதுமக்கள் முன்கூட்டியே எழுதி வைத்த கருத்துகளில் இருந்தது. எழுதப்படாத பாதிப்பை அரசு கவனிக்கத் தவறியது என்று பின்னால் வாதிடுவது கடினம்.

ஆகவே, ஒருவர் எழுதித் தந்த மாதிரிக் கடிதத்தை நூறு பேர் அப்படியே அனுப்புவதைவிட, நூறு பேரும் தத்தம் வீட்டு நிலைமையை நாலு பத்தியில் எழுதுவது மேலானது. ஒரே மாதிரியான கடிதங்களைத் துறை ஒன்றாகக் கட்டி ஒரே கருத்தாகக் கையாளும். விதியின் எந்தப் பிரிவைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று எண்ணோடு குறிப்பிடுங்கள். அது உங்கள் வீட்டில் எப்படிச் செயல்படும் என்று நடைமுறை வரிசையில் சொல்லுங்கள். மாற்று ஒன்றை முன்வையுங்கள். மருத்துவர், சிகிச்சையாளர், பள்ளி ஆசிரியர் ஆகியோரில் ஒருவர் தனியாகத் தன் பெயரில் எழுதினால் அது தனிச் சான்றாக நிற்கும். பொதுக் கருத்துகள் யாரும் பார்க்கும்படி வெளியிடப்படும், ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருக்கும். குழந்தையின் முழுப்பெயர், மெடிகெய்டு எண், குடியேற்ற எண், வீட்டு முகவரி எதையும் அதில் எழுதாதீர்கள்.

மாநிலத்துக்குள் இன்னொரு வாசலும் இருக்கிறது. 2024இல் வந்த கூட்டாட்சி விதிப்படி ஒவ்வொரு மாநிலத்திலும் மெடிகெய்டு ஆலோசனைக் குழு ஒன்றும், பயனாளிகளும் அவர்களின் குடும்பத்தினரும் பராமரிப்பாளர்களும் மட்டுமே கொண்ட தனிக் குழு ஒன்றும் இயங்க வேண்டும். அந்தக் குழுவில் இடம் கேட்டு விண்ணப்பிக்கலாம். தமிழ்ப் பெற்றோர் ஒருவர் அங்கே உட்கார்ந்திருப்பது பத்துக் கூட்டங்களுக்கு ஈடு.

காங்கிரஸ் அலுவலகங்களோடு பேசுவது

காங்கிரஸ் தொலைபேசி மையத்தின் எண் 202-224-3121. உங்கள் செனட்டர் இருவர், பிரதிநிதி ஒருவர் ஆகிய மூன்று அலுவலகங்களையும் அதன் வழியாக அடையலாம். எடுப்பவர் இளம் உதவியாளராக இருப்பார். பெயர், ஊர், அஞ்சல் குறியீடு, கோரிக்கை என்று ஒரு நிமிடத்தில் முடித்துக்கொள்ளலாம். நான் முதன்முறை அழைத்தபோது என் உச்சரிப்பை நினைத்து மிகவும் தயங்கினேன்; எதிர்முனையில் இருந்தவர் அஞ்சல் குறியீட்டைத்தான் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். தொகுதிக்கு வெளியே உள்ளவர்களை அழைப்பதில் பயன் குறைவு. வாஷிங்டன் அலுவலகத்தைவிட உள்ளூர் அலுவலகத்தில் நேரம் வாங்கிக்கொண்டு நாலைந்து குடும்பங்களாகப் போய்ச் சந்திப்பது கூடுதல் பலன் தரும்.

எதிர்ப்பு சில நேரம் வெல்லும், சில நேரம் தோற்கும். 2010ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி மெடிகெய்டு நிதியையும் குறைக்க 2017இல் பிரதிநிதிகள் அவை 217க்கு 213 என்று ஒரு மசோதாவை நிறைவேற்றியது. அதன் சுருக்கப்பட்ட செனட் வடிவம், மாதக்கணக்கான டவுன் ஹால் கூட்டங்களுக்கும் தொலைபேசி அழைப்புகளுக்கும், செனட் பெரும்பான்மைக் கட்சித் தலைவரின் அலுவலக வாசலில் சக்கர நாற்காலிகளோடு அமர்ந்து கைதான மாற்றுத்திறனாளிகளின் போராட்டத்துக்கும் பிறகு, ஜூலை 28 அதிகாலையில் செனட்டில் 49க்கு 51 என்று தோற்றது. தம் கட்சியின் நிலையை மீறி எதிர்த்து வாக்களித்த மூவர் ஜான் மெக்கெய்ன், சூசன் காலின்ஸ், லிசா மர்கவ்ஸ்கி. 2025இல் மசோதா நிறைவேறிவிட்டது. ஆனாலும் விரிவாக்கத்துக்கான 90 விழுக்காட்டு நிதியை நேரடியாகக் குறைக்கும் யோசனையும், தலைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு கட்டும் யோசனையும் இறுதிச் சட்டத்தில் இடம்பெறவில்லை. வட கரோலினாவின் குடியரசுக் கட்சி செனட்டர் தாம் டில்லிஸ் அவையில் எழுந்து, தன் மாநிலத்தில் காப்பீட்டை இழக்கப்போகும் 6,63,000 பேரிடம் என்ன சொல்வேன் என்று கேட்டு எதிர்த்து வாக்களித்தார். நீங்கள் சந்திக்கப்போகும் உறுப்பினர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், அவருடைய தொகுதிக்கான எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். கட்சியைக் குறை சொல்லும் வாக்கியம் ஒன்றுகூட அந்தச் சந்திப்பில் வேண்டாம்.

குடியுரிமை இல்லாதவர்களும் தமிழ்ச் சங்கங்களும்

எச்1பி விசாவில் இருப்பவர்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் வாக்களிக்க முடியாது. ஆனால் அழைக்கலாம், எழுதலாம், கேட்பில் பேசலாம். ஓர் உறுப்பினர் தன் தொகுதியில் வாழும் எல்லோருக்கும் பிரதிநிதி. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். அமைதியான மறியலாக இருந்தாலும், கைதாகும் வாய்ப்புள்ள போராட்டத்தில் குடியுரிமை இல்லாதவர்கள் இறங்குவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைக் கலந்துகொள்ள வேண்டும். கைது என்பது விசா புதுப்பிப்பிலும் குடியுரிமை விண்ணப்பத்திலும் கேட்கப்படும் கேள்வி.

வரிவிலக்குப் பெற்ற தமிழ்ச் சங்கங்கள் "எங்களுக்கு அரசியல் கூடாது" என்று ஒதுங்கிக்கொள்வதைப் பார்த்து நான் வருந்தியிருக்கிறேன். அவற்றுக்குத் தடை செய்யப்பட்டிருப்பது வேட்பாளரை ஆதரிப்பதும் எதிர்ப்பதும்தான். ஒரு மசோதா குறித்துக் கருத்துச் சொல்வதும் உறுப்பினர்களை அணுகுவதும் சங்கத்தின் பணிகளில் பெரும்பங்கு ஆகாதவரை அனுமதிக்கப்பட்டவை. துறைகளின் விதிகள் மீது எழுதும் கருத்து அந்தக் கணக்கிலேயே வராது. பொங்கல் விழா நடக்கும் மண்டபத்தில் ஒரு மேசை போட்டு, இரண்டு மடிக்கணினிகளை வைத்து, விருப்பமுள்ளவர்கள் தங்கள் கருத்தை எழுதி அனுப்ப உதவுவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை.

அறிவிப்புக் கடிதம் வந்துவிட்டால்

இவ்வளவுக்குப் பிறகும், சேவை நிறுத்தப்படுகிறது அல்லது குறைக்கப்படுகிறது என்ற கடிதம் வரலாம். பொதுவாக அது நடவடிக்கைக்குக் குறைந்தது 10 நாள் முன்னதாக அனுப்பப்பட வேண்டும், காரணத்தைச் சொல்ல வேண்டும். உறையைத் திறந்த அன்றே, கடிதத்தின் தேதி, நடவடிக்கை தொடங்கும் தேதி இரண்டையும் நாட்காட்டியில் எழுதிவிடுங்கள். மேல்முறையீட்டுக் கேட்பு கோர மாநிலத்தைப் பொறுத்து 90 நாள் வரை அவகாசம் இருக்கலாம். ஆனால் நடவடிக்கை தொடங்கும் தேதிக்கு முன்பே கோரினால் தீர்ப்பு வரும்வரை சேவை தொடரும். இந்த வேறுபாடு தெரியாமல், 90 நாள் இருக்கிறதே என்று காத்திருந்து சேவையை இழந்த குடும்பங்கள் உண்டு. வழக்கு தோற்றால் அந்த இடைக்காலச் செலவை மாநிலம் திருப்பிக் கேட்கக்கூடும் என்பதையும் அறிந்தே முடிவெடுங்கள்.

கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்குங்கள். உங்கள் கோப்பின் முழுப் பிரதியைக் கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. ஆங்கிலத்தில் தடையின்றிப் பேச இயலாத பெற்றோருக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஏஜென்சி தன் செலவில் ஏற்பாடு செய்ய வேண்டும். பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் மாற்றுத்திறனாளிகளுக்காகக் கூட்டாட்சி நிதியில் இயங்கும் உரிமைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றும், பல ஊர்களில் இலவசச் சட்ட உதவி மையமும் இருக்கின்றன. கேட்புக்கு முன் அவர்களை அழையுங்கள். தீர்ப்பு எதுவானாலும், உங்கள் பெயரை மறைத்த ஒரு பிரதியோடு, கடிதத்தில் என்ன தவறு இருந்தது, அதைச் சரிசெய்ய எத்தனை நாள் ஆயிற்று என்று ஒரு பக்கம் எழுதி, உங்கள் மாநிலச் சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்கும் மெடிகெய்டு ஆலோசனைக் குழுவுக்கும் அனுப்புங்கள். அடுத்த பட்ஜெட் கேட்பில் அதே குழு அதே இனத்தைக் கையில் எடுக்கும்போது அந்தத் தாள் அங்கே இருக்க வேண்டும்.